டார்ட்மூர் லைடார் படத்தில் குறுக்கு வரப்புகள் ஏன் தெரியவில்லை?

இங்கிலாந்தின் தென்மேற்கு மேட்டுநிலமான டார்ட்மூரின் லைடார் படத்தில் (விமானத்திலிருந்து லேசரால் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து எடுப்பது) பழங்கால வயல் எல்லைகளான நீள வரப்புகள் தெரிகின்றன, அவற்றை இணைக்கும் குறுக்கு வரப்புகள் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவை அங்கேதான் இருக்கின்றன. மேடுபள்ளம் தெரிய கணினியில் போடும் நிழல் படத்துக்கு நீங்கள் வைத்த வெளிச்சம்தான் அவற்றை மறைக்கிறது. டேட்டாவை மறுபடி இறக்க வேண்டாம்.

ஒளி 315 டிகிரியில், அதாவது வடமேற்கிலிருந்து விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வடகிழக்கு-தென்மேற்காக ஓடும் நீள வரப்புகள் ஒளிக்குக் குறுக்கே கிடப்பதால் பளிச்சென்று தெரிகின்றன. அவற்றை இணைப்பவை ஒளி போகும் திசையிலேயே ஓடுகின்றன, நிழலே விழாது. காலை ஆறரைக்கு மெரினா மணலைப் பாருங்கள். கரை நெடுக டிராக்டர் போயிருந்தால் தடத்தின் விளிம்பு பளிச்சென்று தெரியும். கடலை நோக்கிப் போன தடம் மங்கிக் கிடக்கும்.

சரி, செய்து பார்க்க வேண்டியது:

1. அதே தரை மாதிரியில் (லைடார் தந்த தரை உயரத் தரவு) ஒளித் திசையை 45 ஆக்கி, சூரிய உயரத்தை 25 டிகிரிக்கு இறக்குங்கள். குறுக்கு வரப்புகள் எழும்பினால் காரணம் இதுவேதான்.
2. அப்புறம் எந்த இடம் எவ்வளவு சரிவு என்று காட்டும் சரிவுப் படம் ஒன்று போடுங்கள். அதில் ஒளித் திசையே கிடையாது. வரப்புகளின் கோடுகளை அதன்மேல் வரையுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். தெரிகிற கோடெல்லாம் வெண்கலக் காலத்தது அல்ல. சுமார் 3500 ஆண்டுப் பழைய வரப்புகளின் மேல் இடைக்கால உழவுத் தடங்களும் பிற்காலக் கற்சுவர்களும் ஏறியிருக்கின்றன. நேராக இருப்பதால் புதியது என்று தள்ளிவிடாதீர்கள். டார்ட்மூரின் பழைய வரப்புகள் பள்ளத்தாக்கைக்கூடப் பொருட்படுத்தாமல் நேராகப் போகும், எனக்கு அதுதான் அவற்றின் அழகு. எது எதன்மேல் ஏறிப் போகிறது என்று பாருங்கள், மேலே இருப்பதுதான் பிற்காலத்தது. விமானம் பட்டை பட்டையாகப் பறந்து அளந்த தரவுகள் ஒட்டும் இடத்திலும் பொய்க்கோடு வரும்.