பால் கட்டிக் காய்ச்சல், ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்கள்: மருந்து முடியும்வரை தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். குழந்தைக்கு இரண்டரை மாதம். மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டர் ஆன்டிபயாடிக்கும் வலிக்கு இபுப்ரோஃபெனும் எழுதித் தந்திருக்கிறார். மருந்து முடியும்வரை பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் பவுடர் பால் கொடுக்கச் சொல்கிறார்கள் வீட்டில். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளிலும் பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும் என்று போட்டிருக்கிறது.

நிறுத்த வேண்டாம். கொட்டவும் வேண்டாம். பால் கட்டிக் காய்ச்சல் வந்திருக்கும்போது திடீரென்று பால் கொடுப்பதை நிறுத்தினால் கட்டு இன்னும் இறுகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு கூடும். குழந்தை வழக்கம்போலக் குடிப்பது வைத்தியத்தின் ஒரு பகுதி. நோய்த்தொற்று இருக்கும் மார்பில் குடிப்பதால் குழந்தைக்குக் கெடுதல் வராது. அதற்காக மார்பைக் காலி செய்கிறேன் என்று பம்ப்பை வைத்து இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். குழந்தைக்குத் தேவையானதைவிட அதிகமாக எடுத்தால் சுரப்பு கூடி வீக்கமும் கூடும். அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். குளிர் ஒத்தடம் இதமாக இருக்கும்.

எந்த ஆன்டிபயாடிக் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தக் காய்ச்சலுக்கு வழக்கமாக எழுதுவது க்ளாக்ஸாசிலின், ஃப்ளூக்ளாக்ஸாசிலின், செஃபலெக்ஸின், அமாக்ஸிசிலின்-க்ளாவுலனேட் போன்றவை. இவை எல்லாமே பாலில் மிகக் குறைவாகத்தான் போகும். இதே வகை மருந்துகளைக் கைக்குழந்தைகளுக்கே நேரடியாகக் கொடுக்கிறோம், அதுவும் பாலில் வருவதைவிடப் பல மடங்கு அதிக அளவில். குழந்தைக்குக் கொஞ்சம் இளக்கமாக வெளிக்குப் போகலாம், வாயில் வெள்ளையாகப் படியலாம். அப்படி வந்தால் டாக்டரிடம் காட்டினால் போதும். இபுப்ரோஃபென் விஷயத்தில் கவலையே வேண்டாம், பாலூட்டும் தாய்க்கு முதலில் யோசிக்கும் வலி மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

நான் மருந்தாளுநர், இரண்டு பிள்ளைகளுக்குப் பாலூட்டியவளும்கூட. இந்தக் கேள்வி வேலையில் ஓயாமல் வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வருவார்கள்: ஒன்று மாத்திரையைப் போடாமல் வலியைப் பொறுத்துக்கொள்வது, இல்லையென்றால் பாலை மறக்கடிப்பது. பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படுவதில்லை.

பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புது மருந்தைப் பரிசோதிக்கும்போது பாலூட்டும் பெண்களைப் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். தரவு இல்லாத இடத்தில் 'தவிர்க்கவும்' என்று எழுதிவிடுவது தயாரிப்பாளருக்குப் பத்திரம். அந்த ஒரு வரியை வைத்து, அந்த மருந்து குழந்தைக்குக் கெடுதல் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. மருந்துகளைப் பற்றித் தாய்ப்பால் கோணத்தில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து வைத்திருக்கும் லாக்ட்மெட் என்ற தரவுத்தளம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ஆரம்பித்தது, இலவசம்தான். உங்கள் டாக்டர் தயங்கினால் அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொரு குழப்பம், கர்ப்ப காலத்தில் ஆகாத மருந்து பாலூட்டும்போதும் ஆகாது என்று நினைப்பது. டாக்டர்களில் சிலரே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு நஞ்சுக்கொடி வழியாக மருந்து நேராக ரத்தத்துக்கே போகிறது. பாலில் வருவது முதலில் தாயின் ரத்தத்திலிருந்து பாலுக்குத் தாண்ட வேண்டும், அப்புறம் குழந்தையின் வயிற்றைத் தாண்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் கர்ப்பத்தில் சிசுவுக்கு ஊனம் உண்டாக்கக் கூடியது. பாலூட்டும்போது அதையே தரலாம், ஏனென்றால் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பாலுக்குள் வருவதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு. ரத்தக் கொதிப்புக்கான எனலாப்ரில் கதையும் இதேதான். இன்சுலினும், ரத்தம் உறையாமலிருக்க ஊசியாகப் போடும் ஹெப்பாரினும் பெரிய மூலக்கூறுகள். துளி வந்தாலும் குழந்தையின் வயிற்றில் அழிந்துவிடும்.

அதனால் 'மருந்து பாலில் கலக்குமா' என்று கேட்டால் அநேகமாக எல்லா மருந்துக்கும் 'கலக்கும்' என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு கலக்கும், குடிக்கப்போவது எந்தக் குழந்தை என்று கேட்க வேண்டும். அளவைப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. குழந்தை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கும் என்று வைத்துக்கொண்டு, அதில் எவ்வளவு மருந்து போகிறது என்று பார்ப்பார்கள். அதைத் தாய் தன் எடையில் கிலோவுக்கு எடுக்கும் மருந்தோடு ஒப்பிடுவார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. இபுப்ரோஃபெனுக்கு இது 1 சதவீதத்தையே தொடாது. ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. புற்றுநோய் மருந்து 2 சதவீதம் வந்தாலும் ஏற்க மாட்டோம்.

குழந்தையின் வயது இதைவிட முக்கியம் என்பேன். பாலின் வழியாகப் போன மருந்தால் குழந்தைக்குத் தொந்தரவு வந்ததாகப் பதிவான சம்பவங்களில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம்தான். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வயதில் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆறு மாதம் தாண்டி வேறு உணவும் சாப்பிடும் குழந்தைக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். பிறந்த முதல் சில நாட்களில் மார்பின் செல்களுக்கிடையே இடைவெளி அதிகம், மருந்து எளிதாக நுழையும். ஆனால் சீம்பால் வருவதே கொஞ்சம்தான் என்பதால் குழந்தைக்குப் போகும் மொத்த அளவு சிறியது.

பீய்ச்சிக் கொட்டும் யோசனை ஏன் வீண் என்றால், மார்பு என்பது மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் குடம் இல்லை. ரத்தத்தில் மருந்து ஏறும்போது பாலிலும் ஏறும், ரத்தத்தில் இறங்கும்போது பாலிலிருந்து திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் மருந்து வெளியேறும் வேகம் மாறாது. சில மருந்துகளுக்கு உண்மையிலேயே சில மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்வார்கள். அப்போதும் பீய்ச்சுவது மார்பு கட்டாமல் இருக்கவும் சுரப்பு குறையாமல் இருக்கவும்தான். நேரத்தைப் பார்த்து மாத்திரை போடுவது சில சமயம் பயன்படும். சீக்கிரம் வெளியேறும் மருந்தைப் பால் கொடுத்து முடித்த கையோடு, முடிந்தால் குழந்தை நீளமாகத் தூங்கும் நேரத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். நாள்கணக்கில் உடம்பில் தங்கும் மருந்துக்கு இந்தத் தந்திரம் செல்லாது. மணிக்கொரு தடவை குடிக்கும் குழந்தையிடமும் செல்லாது, அது வேறு விஷயம்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் இல்லை. கேட்காமல் வாங்கும் சளி மாத்திரையும் இருமல் மருந்தும்தான். ஒரே மாத்திரையில் மூன்று நான்கு மருந்து கலந்திருக்கும், வாங்குபவருக்கு அது தெரியாது. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் பாலில் குறைவாகத்தான் போகும், ஆனால் பால் சுரப்பையே குறைத்துவிடும். 60 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்த ஆய்வில் அன்றைய பால் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது. பால் பத்தவில்லை என்று கவலைப்படும் தாய்க்கு இதைவிட மோசமான மாத்திரை வேண்டாம். மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டே பல நேரம் போதும். தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளுக்குப் பதிலாக செடிரிஸின், லோராடடின் மேல்.

இருமல் மருந்தில் கோடீன் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறும். சிலருடைய கல்லீரல் பரம்பரையாகவே இதை மிக வேகமாகச் செய்யும், அவர்கள் பாலில் மார்ஃபின் எதிர்பாராத அளவுக்கு ஏறிவிடலாம். குழந்தைக்கு மூச்சே மட்டுப்படும் அபாயம் இது. தனக்கு அந்தக் கல்லீரல் இருக்கிறது என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாலூட்டும் தாய்மார்களுக்குக் கோடீனும், ட்ராமடால் என்ற வலி மருந்தும் வேண்டாம் என்று எச்சரித்தது. மூலிகைதானே என்று வாங்குவதையும் மருந்தாகவே நினையுங்கள், உள்ளே என்ன, எவ்வளவு என்று பெரும்பாலும் எழுதியே இருக்காது.

பாலை நிறுத்தத்தான் வேண்டும் என்கிற மருந்துகளும் உண்டு, பட்டியல் சின்னது. புற்றுநோய்க்கான கீமோதெரபி, தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் இரண்டும் அதில் வரும். கதிரியக்க அயோடின் என்றால் சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி ஆரம்பிக்கவும் முடியாது. இதயத் துடிப்புக்கான அமியோடரோனை முடிந்தவரை தவிர்ப்பார்கள். லித்தியம் எடுக்கும் தாய் பாலூட்டுவதென்றால் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே செய்ய வேண்டியிருக்கும்.

தினமும் மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. குழந்தைக்காக என்று சொந்தமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் தாராளமாகத் தொடரலாம். மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் எடுப்பவர்கள் அதை விட்டுவிட்டுத் தாங்களே தவிப்பதுதான் குழந்தைக்கு அதிகக் கெடுதல், பாலில் வருவது மிகக் குறைவு. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தாலும் நன்றாக விழித்துக் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம்.

டாக்டரிடம் 'இது பாலூட்டும்போது எடுக்கலாமா' என்று மட்டும் கேட்டால், பயந்த டாக்டர் 'பாலை நிறுத்திவிடுங்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுவார். குழந்தையின் வயதையும் எடையையும், நிறைமாதமா குறைமாதமா என்பதையும் முதலில் சொல்லுங்கள். 'நான் பாலை நிறுத்தப் போவதில்லை, அதற்கேற்ற மருந்தாக எழுத முடியுமா' என்று அப்புறம் கேளுங்கள். பல நோய்களுக்கு அப்படி ஒரு மாற்று இருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருந்தின் பெயரை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு தடவை உறுதி செய்துகொண்டு, இன்றே ஆரம்பியுங்கள். சொன்ன நாள்வரை முழுசாக முடியுங்கள், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட வேண்டாம். குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பால் குடிக்க எழுப்ப முடியாமல் இருந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மருந்து ஆரம்பித்து 48 மணி நேரம் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை, இல்லை கட்டி ஒரே இடத்தில் உருண்டையாக நிற்கிறது என்றால் டாக்டரைத் திரும்பப் பாருங்கள். சீழ் பிடித்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அப்படி இருந்து அதை வெளியே எடுக்க வேண்டி வந்தாலும், பெரும்பாலும் அந்தப் பக்க மார்பிலேயே பால் கொடுப்பதைத் தொடரலாம்.