வெதரைசேஷன் உதவி: அமெரிக்க வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கே: எனக்கு வேலை போய்விட்டது, மனைவியின் சம்பளம் மட்டும்தான். வீட்டைக் குளிருக்குத் தயார் செய்து தரும் அரசுத் திட்டம் எங்களுக்குக் கிடைக்குமா? எவ்வளவு கட்ட வேண்டும்?

ப: தகுதி இருந்தால் நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம், இது கடனும் இல்லை. வெதரைசேஷன் என்ற இது 1976-இல் வந்த சட்டப்படி நடக்கும் திட்டம். மத்திய எரிசக்தித் துறையின் பணம் மாநிலம் வழியாக உள்ளூர் அமைப்புகளுக்கு வருகிறது. பல ஊர்களில் அது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவும் கம்யூனிட்டி ஆக்‌ஷன் ஏஜென்சி. விண்ணப்பம் அங்கேதான். குடும்ப வருமானம் மத்திய வறுமை வரம்பின் 200 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பலர் "நாம் அவ்வளவு ஏழை இல்லையே" என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள், கணக்கை அவர்கள் பார்க்கட்டும். வீட்டில் முதியவரோ மாற்றுத்திறனாளியோ குழந்தையோ இருந்தால் முன்னுரிமை உண்டு.

கே: ஜன்னல் பக்கம் உட்காரவே முடியவில்லை. புது ஜன்னல் போட்டுத் தருவார்களா?

ப: பெரும்பாலும் மாட்டார்கள். ஒவ்வொரு வேலையும் தன் ஆயுளுக்குள் மிச்சப்படுத்தும் தொகை அதன் செலவையாவது ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. ஜன்னல் அதில் தேறுவது அரிது. வெப்பம் பெரிதும் தப்பிப்பது வேறு வழியில். சூடான காற்று மேலே போய், கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கின் இடுக்குகள் வழியே வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று பேஸ்மென்ட் வழியே உள்ளே வருகிறது.

வெப்பம் எங்கே வீணாகிறது என்று வீட்டைச் சோதிக்கும் ஆடிட்டர் வந்ததும் வாசலில் துணித் திரை கட்டி, அதில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார். அந்த நேரத்தில் சுவிட்ச் பெட்டி ஓரத்திலும் அட்டிக் மூடியின் விளிம்பிலும் கை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று காற்று அடித்தால் ஓட்டை அங்கேதான். முதலில் அதை அடைத்துவிட்டு அப்புறம்தான் வெப்பம் கடக்காமல் தடுக்கும் இன்சுலேஷன் போட வேண்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் வாட்டர் ஹீட்டரையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். புகை சரியாக வெளியேறாத வீட்டை இறுக்கி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அது உயிருக்கே ஆபத்து.

கே: வாடகை வீடு. விண்ணப்பிக்கலாமா?

ப: தாராளமாக. வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். இந்த வேலையால் வீட்டின் மதிப்பு கூடிவிட்டது என்று சொல்லி வாடகையை ஏற்றக் கூடாது என்பதையும் விதியே சொல்கிறது.

கே: ஹீட்டிங் பில்லுக்கு ஏற்கெனவே உதவி வாங்குகிறோம். இதையும் கேட்கலாமா?

ப: கேளுங்கள். அது லைஹீப் என்ற தனித் திட்டம், இந்த வருடத்து பில்லுக்கு. வெதரைசேஷன் அடுத்தடுத்த வருடங்களின் பில்லையும் குறைக்கும். லைஹீப் வாங்குவதையே தகுதியாக ஏற்கும் மாநிலங்கள் உண்டு.

கே: அம்மா வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள், கூரை ஒழுகுகிறது, இப்போது முடியாது என்று போய்விட்டார்கள். அவ்வளவுதானா?

ப: இல்லை, இது நிராகரிப்பு அல்ல, தள்ளிவைப்பு. ஈரமான அட்டிக்கில் இன்சுலேஷன் போட்டால் பூஞ்சை பிடிக்கும், அதனால்தான் நிறுத்துகிறார்கள். ஆனாலும் மிகவும் தேவைப்படும் வீடுகளே இப்படித் திரும்பி வருவது எனக்குப் பொறுக்கவில்லை. என்ன சரிசெய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இப்படிப்பட்ட பழுதுகளுக்காகவே 'வெதரைசேஷன் ரெடினஸ்' என்று தனி நிதி இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அங்கே பணம் தீர்ந்திருந்தால், நகராட்சியின் வீடு பழுதுபார்ப்பு உதவியை விசாரியுங்கள். கூரை சரியானதும் அதே ஏஜென்சியை மறுபடி கூப்பிடுங்கள்.