நெளிதகட்டு டாங்கியை 1/56 அளவில் செய்வது எப்படி?

கேள்வி: இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட மேசைப் போர் விளையாட்டை 28 மி.மீ. உருவங்களை வைத்து ஆடிவருகிறோம். ஜப்பானியப் படை நியூசிலாந்தில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கற்பனைக் களம் ஒன்றைத் தயார் செய்கிறேன். அதற்கு, டிராக்டரின்மேல் நெளிதகட்டுக் கவசம் பொருத்தி நியூசிலாந்தில் செய்த ‘பாப் செம்பிள்’ டாங்கி வேண்டும். சீரியல் பெட்டி அட்டையில் உடலைச் செய்து, பார்சல் பெட்டியின் மேல்தாளை உரித்து உள்ளிருந்த நெளிவைச் சுற்றி ஒட்டிப் பார்த்தேன். பொம்மை மாதிரி இருக்கிறது. கையில் எடுத்தால் நசுங்குகிறது. எந்த அளவில், எந்தப் பொருளில் செய்வது? அந்த நெளிதகட்டை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: பொம்மைபோலத் தெரிவதற்கு அட்டையைக் குறைசொல்ல வேண்டாம். நெளிவின் இடைவெளிதான் காரணம். பார்சல் பெட்டிகளின் உள்நெளிவு பெரும்பாலும் 6 முதல் 8 மி.மீ. இடைவெளியில் இருக்கும். 1/56 அளவில் 7 மி.மீ. என்பது நிஜத்தில் 39 செ.மீ. அதாவது ஒவ்வொரு மடிப்பும் பக்கத்தில் நிற்கும் சிப்பாயின் தோள் அகலத்துக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்த கண் வண்டியைத் தானாகவே சிறியதாக்கிக்கொள்ளும். நெளிவு சரியாக அமைந்துவிட்டால் இந்த வண்டியில் பாதி வேலை முடிந்தது.

முதலில் அளவைத் தீர்த்துக்கொள்வோம். 28 மி.மீ. என்பது விகிதம் அல்ல, உருவத்தின் உயரம். 1.70 மீட்டர் மனிதன் 1/56-இல் 30 மி.மீ. வருவான், கண் மட்டம் வரை அளந்தால் ஏறக்குறைய 28. அதனால்தான் ‘போல்ட் ஆக்‌ஷன்’ போன்ற விளையாட்டுகளுக்கு வண்டிகள் 1/56-இல் செய்யப்படுகின்றன. உருவங்கள் தட்டின்மேல் நிற்பதால் சற்று உயரமாகத் தெரிகின்றன, வண்டி சிறுத்துவிடுகிறது என்று சொல்லிச் சிலர் 1/48-க்குப் போவார்கள். இந்த வண்டிக்கு அது வேண்டாம். இது ஏற்கெனவே மிக உயரமானது.

பாப் செம்பிளுக்குப் பொதுவாகத் தரப்படும் அளவுகள்: நீளம் 4.20 மீட்டர், அகலம் 3.30, உயரம் 3.65. ஐம்பத்தாறால் வகுத்தால் 75 மி.மீ., 59 மி.மீ., 65 மி.மீ. இந்த மூன்று எண்களையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான். வேறு டாங்கிகளைப் பார்த்துப் பழகிய கை, தன்னை அறியாமல் இதைத் தாழ்த்தி நீட்டிவிடும். விடாதீர்கள். நிற்கும் சிப்பாயைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து, நிலையில்லாததுபோலத் தெரிந்தால்தான் அது பாப் செம்பிள்.

அந்த உருவம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது கட்டும்போது கைகொடுக்கும். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, பிரிட்டனிடமிருந்து டாங்கிகள் வரும் என்று நியூசிலாந்து எதிர்பார்க்க முடியாத நிலை. பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த பாப் செம்பிள், துறையிடம் இருந்த கேட்டர்பில்லர் டி8 டிராக்டர்களைக் கவச வண்டியாக்க முனைந்தார். தென் தீவில் உள்ள டெமூகா பணிமனையில் வேலை நடந்தது. கவசத்துக்குரிய எஃகு கிடைக்கவில்லை. நெளிவான மாங்கனீசுத் தகடுகளைப் பொருத்தினார்கள். நெளிவு குண்டைத் திசைதிருப்பும் என்பது நம்பிக்கை. உள்ளே எட்டுப் பேர், ஆறு ‘பிரென்’ இலகு இயந்திரத் துப்பாக்கிகள். துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் எஞ்சினுக்கு மேலே மெத்தையில் படுத்துக்கொண்டு சுட வேண்டும். உலகின் மோசமான டாங்கி என்று இதைக் கேலி செய்பவர்கள் நிறைய. எனக்கு அதில் சம்மதமில்லை. சாலை போடும் இயந்திரங்களை வைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்ததில் நாட்டைக் காக்க முயன்றவர்களின் வேலை இது. கவனமாகச் செய்ய வேண்டிய மாதிரி.

உங்களுக்குப் பயன்படும் தகவல் ஒன்று இந்த வரலாற்றில் இருக்கிறது. டிராக்டர் வழக்கமான வேலையில் இருக்கும். அவசரம் வந்தால் சில மணி நேரத்தில் கவசக் கூட்டை அதன்மேல் பொருத்திவிடலாம் என்பதுதான் திட்டம். மாதிரியையும் அப்படியே இரண்டு பகுதியாகச் செய்யுங்கள்: கீழே தடங்களோடு டிராக்டர், மேலே கழற்றக்கூடிய கூடு. நான்கு சிறிய காந்தங்கள் போதும். பெயின்ட் அடிப்பதும் பழுது பார்ப்பதும் எளிதாகும். ஆட்டத்தில் டிராக்டரைத் தனியாகவும் களத்தில் நிறுத்தலாம்.

இனி நெளிதகடு. நிஜ வண்டியின் பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மேடுகளை எண்ணுங்கள். முடிந்தவரை நேர்ப்பக்கப் படமாக இருக்கட்டும். சாய்வாக எடுத்த படத்தில் தூரத்து மேடுகள் நெருங்கித் தெரியும். அந்தப் பக்கத்தின் நீளத்தை எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். கணக்குக்காக நாற்பது மேடுகள் என்று வைத்துக்கொள்வோம்: 4200-ஐ 40-ஆல் வகுத்தால் 105 மி.மீ.; மாதிரியில் 1.9 மி.மீ. உங்கள் விடை வேறாக வந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இவ்வளவு நுண்ணிய நெளிவைக் கடையில் தேடி அலைய வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் முழு நீளத்துக்கும் மரை போட்ட இரும்புக் கம்பி கிடைக்கும். மரையின் இடைவெளி நிலையானது: 10 மி.மீ. கம்பியில் 1.5 மி.மீ., 12-இல் 1.75, 16-இல் 2 மி.மீ., 20-இல் 2.5. உங்கள் கணக்குக்கு நெருக்கமான கம்பியை வாங்கிக்கொள்ளுங்கள். உணவு கட்டித் தரும் அலுமினியத் தட்டின் தட்டையான அடிப்பகுதியைக் கத்தரித்து, ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, கம்பியால் அழுத்தி உருட்டுங்கள். சமையலறை அலுமினியத் தாள் வேண்டாம், கிழிந்துவிடும். முதல் உருட்டலில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டிலேயே கம்பியை மறுபடி உட்காரவைத்து, இன்னும் அழுத்தி உருட்டினால் பள்ளம் ஆழமாகும். நெளிவு விழ விழத் தகடு சுருங்கும். தேவையைவிட ஒன்றரை மடங்கு பெரிய துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. மரை சுற்றிச் சுற்றி ஏறும் பள்ளம் என்பதால் அதன் பதிவும் நேராக விழாது, 10 மி.மீ. கம்பியில் 3 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும். தட்டின் விளிம்பை நம்பி வெட்டினால், வண்டியின் மேடுகள் எல்லாம் லேசாகச் சரிந்து நிற்கும். ஏன் என்று தெரியாமலேயே அது கண்ணை உறுத்தும். ஸ்கேலைப் பள்ளத்தின் கோட்டில் வைத்து, அதற்குச் செங்கோணத்தில் வெட்டுங்கள்.

தகட்டின் தடிமனும் இங்கே நமக்குச் சாதகம். நிஜக் கவசம் 8 முதல் 12.7 மி.மீ. தடிமன் கொண்டது. மாதிரியில் அது கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லிய விளிம்பு கொண்டுவருவது சிரமம். அலுமினியத்தில் தானாக வந்துவிடும். ஆனால் விரல் பட்டால் மேடுகள் அமுங்கும். ஆகவே தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கப் பள்ளங்களை இரண்டு பகுதி கலந்து பிசையும் எப்பாக்சியால் நிரப்பி, மேலே வழித்து மட்டமாக்குங்கள். இறுகிய பிறகு கெட்டியான பலகைபோல இருக்கும். ஆட்டத்தின் நடுவே யார் எப்படிப் பிடித்து எடுத்தாலும் நசுங்காது.

நசுங்குவதற்கு இன்னொரு காரணம் உள்ளே எலும்புக்கூடு இல்லாதது. உடலை 1.5 மி.மீ. ஸ்டைரீன் (மாதிரி செய்வோர் பயன்படுத்தும் பிளாஸ்டிக்) தகட்டில் செய்யுங்கள். அதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரியைச் செய்து, அருகில் உருவங்களை நிறுத்திப் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்ததையே இதற்குப் பயன்படுத்தலாம். அதைப் பிரித்து வார்ப்புருவாக்கி ஸ்டைரீனில் வரையும்போது, நெளிதகட்டின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள். தகடும் எப்பாக்சியும் சேர்ந்து 1 மி.மீ. என்றால், 59 மி.மீ. அகலத்துக்கு உள்பெட்டி 57 மி.மீ.தான். ஸ்டைரீனை ஒரே அழுத்தில் வெட்ட முயல வேண்டாம். கட்டர் கத்தியால் இரண்டு மூன்று முறை லேசாகக் கோடு கிழித்து, கோட்டில் வளைத்தால் சுத்தமாக உடையும். பெட்டிக்குள் குறுக்கே இரண்டு தடுப்புகள் வையுங்கள். எல்லா உள்மூலைகளிலும் சதுரப் பட்டி ஓடட்டும்.

பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் திரவப் பசை ஸ்டைரீனுக்கு ஸ்டைரீனை மட்டுமே ஒட்டும். அதையும் குறைவாகவே தொடுங்கள்: பெரிய பரப்புகளுக்கு நடுவே சிக்கிய பசை வெளியேற வழியில்லாமல் நாளடைவில் சுவரை வளைத்துவிடும். மூடிய பெட்டியின் அடியில் ஒரு காற்றுத்துளை போடுவது அதற்காகத்தான். அலுமினியத்தை ஒட்ட எப்பாக்சிப் பசைதான் சரி. ஸ்டைரீன் பரப்பை உப்புத்தாளால் கீறிவிட்டு ஒட்டுங்கள்.

இரண்டு நெளிதகடுகள் மூலையில் சந்திக்கும்போது பல் பல்லாக இடைவெளி தெரியும். அதை நிரப்ப முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். மெல்லிய ‘எல்’ வடிவப் பட்டி ஒன்றை மூலையில் ஒட்டி மூடிவிடலாம். சுழலும் கோபுரத்துக்கும் இதே முறை: உள்ளே ஸ்டைரீன் கூடு, மேலே நெளிதகடு. எப்பாக்சி நிரப்பும் முன்பே தகட்டை வளைத்துவிடுங்கள்; நெளிவுக்குக் குறுக்கே அது எளிதாக வளையும், நெளிவின் திசையில் வளையாது. கோபுரத்தைக் காந்தத்தில் உட்காரவையுங்கள், சுழல வேண்டும்.

தடங்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். கட்டுமான இயந்திர பொம்மைகள் பெரும்பாலும் 1/50 அளவில் வருகின்றன. பழைய புல்டோசர் ஒன்று கிடைத்தால் அதன் சங்கிலித் தடம் இங்கே பொருந்தும். சற்றுப் பெரியதுதான்; ஆனால் மேல்பகுதி கூட்டுக்குள் போய்விடுவதால் தெரியாது. கிடைக்கவில்லையென்றால் கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் பட்டையில் மெல்லிய குறுக்குப் பட்டிகளைச் சம இடைவெளியில் ஒட்டி, சக்கரங்களைச் சுற்றி வளையுங்கள். டிராக்டரின் அடியில் இரும்பு வாஷர்கள் சிலவற்றை ஒட்டிவிடுங்கள். இவ்வளவு உயரமான மாதிரிக்குக் கனம் கீழே இருப்பது அவசியம்.

பிரென் துப்பாக்கிகள் ஆறு: முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று, கோபுரத்தில் ஒன்று. வெளியே குழல் மட்டும் தெரிந்தால் போதும். பிரெனின் குழல் 63.5 செ.மீ., மாதிரியில் 11 மி.மீ.; அதில் எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதைப் படத்தில் பாருங்கள். பித்தளைக் கம்பியில் செய்யுங்கள். பிளாஸ்டிக் முதல் ஆட்டத்திலேயே ஒடிந்துவிடும். கணக்குப்படி அரை மில்லிமீட்டர் கம்பியே போதும் என்றாலும் 0.8 எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு உறுத்தாது, வளையாது. குழல்களைப் பெயின்ட் வேலை முடிந்த பிறகு பொருத்துங்கள்.

பெயின்டைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: உருட்டி உருட்டி வரவழைத்த பள்ளங்களைப் பிரைமரால் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சால்) மூடிவிடாதீர்கள். உலோகத்துக்கு உரிய பிரைமரை மெல்லிய இரண்டு பூச்சுகளாக அடியுங்கள். அடிநிறம் காய்ந்ததும், தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டு, பிறகு கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளை வெளிர்நிறத்தில் தொட்டால் நெளிவு தூரத்திலிருந்தே தெரியும். சேறு தடங்களிலும் கீழ்விளிம்பிலும் போதும்.

இந்த வண்டி ஒருபோதும் போருக்குப் போகவில்லை. ஆகவே ஆட்டத்தில் அதன் திறனை நீங்களும் எதிராளியும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். நான் மூன்று விதிகளைச் சொல்வேன். ஆறு துப்பாக்கிகளும் தத்தம் திசையில் மட்டுமே சுடலாம். எல்லாம் ஒரே இலக்கை நோக்கித் திரும்ப முடியாது. கியர் மாற்ற நிஜ வண்டி நின்றே ஆக வேண்டியிருந்தது. எனவே வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு சுற்று அசையாமல் நிற்கட்டும். கவசத்தைச் சிறு துப்பாக்கிக் குண்டுகளுக்கு மட்டும் தாங்குவதாக வையுங்கள். டாங்கி எதிர்ப்புப் பீரங்கி எதுவும் அதைத் துளைக்கலாம். இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, படை விவரம் அனுப்பும்போதே எதிராளிக்கும் அனுப்பிவிடுங்கள்.