புள்ளிப் பட்டியலும் புதிய இயங்குதளமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் நகரத்தாருக்குரிய நகரச் சிவன் கோயில் அலுவலகத்தில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்து வருகிறேன். அலுவலக லேப்டாப் 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அதற்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது என்றும், விண்டோஸ் 11 இதில் ஏறாது என்றும், புதிது வாங்குவதே வழி என்றும் கடையில் சொல்கிறார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர்களில் ஒருவர் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறலாம் என்கிறார். கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பதிவான எங்கள் புள்ளிப் பட்டியல் முழுவதும் பழைய தமிழ் எழுத்துருவில் எக்செல்லில் இருக்கிறது. மாறினால் அது என்ன ஆகும்? – ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கடையில் சொன்ன முதல் இரண்டும் உண்மை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்பு கொடுத்திருக்கிறது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. குறுக்கு வழிகளில் ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு என்றாலும், கோயில் கணக்கு இருக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம். மூன்றாவதாகச் சொன்னதை, அதாவது புதிது வாங்குவதே வழி என்பதை, நான் ஏற்கவில்லை. கணக்கு, கடிதம், மின்னஞ்சல், இணையம் ஆகியவைதாம் உங்கள் வேலை என்றால், அந்த இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

லினக்ஸ் நம் மாவட்டங்களுக்குப் புதியதும் அன்று. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில், விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பலர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் இயங்குதளத்தில் இல்லை, புள்ளிப் பட்டியலில் இருக்கிறது. அதை முதலில் முடித்துக்கொள்வோம். வானவில், பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே அங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில், அது விண்டோஸாக இருந்தாலும் லினக்ஸாக இருந்தாலும், பெயர்கள் எல்லாம் பொருளற்ற குறிகளாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவிக்கொண்டால் மீண்டும் பெரும்பாலும் படிக்க முடியும். எனினும் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த வாய்ப்பைப் பயன்படுத்திப் பட்டியலை யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துக் குறியேற்றத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டது. உங்கள் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள்; அவர்களுடைய கைப்பேசியில் திறந்தால் படிக்கக்கூடிய கோப்பாக அது இருக்க வேண்டாமா?

இந்த மாற்றத்தை விண்டோஸ் இருக்கும்போதே, அதே கணினியில் செய்யுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசச் செயலிகள் பல பழைய குறியேற்றங்களை யூனிகோடாக மாற்றித் தருகின்றன. இணையத்திலும் மாற்றிகள் கிடைக்கின்றன. ஆனால் குடும்பங்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியலை முன்பின் அறியாத தளத்தில் ஒட்டுவது முறையன்று. முழு எக்செல் தாளையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். மின்னஞ்சல் முகவரி, வெளிநாட்டு முகவரி என ஆங்கிலத்தில் உள்ள கட்டங்களையும் அந்த மாற்றுச் செயலி தமிழ் என்றே எண்ணிக்கொண்டு சிதைத்துவிடும். எனவே பெயர், விலாசம் (பெயருக்கு முன் வரும் குடும்பத் தலைப்பெழுத்துகள்), ஊர் என்று ஒவ்வொரு பத்தியாக எடுத்து மாற்றி, பழைய பத்திக்குப் பக்கத்திலேயே ஒட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.

ஒப்பிடும்போது கண் வைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பழைய தட்டச்சில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருந்தது. தாளில் வேறுபாடு தெரியாது என்பதால் யாரும் கவலைப்படவில்லை. யூனிகோடில் அவை வெவ்வேறு எழுத்துகள். ‘ராம’ என்று தொடங்கும் ஒரு பெயர் துணைக்காலில் தொடங்கியிருந்தால், தேடும்போது அது கிடைக்கவே கிடைக்காது. கொம்பும் ளகரமும் சேர்ந்து ஔகாரக் குறியைப் போலத் தோன்றுவதும், ‘ஸ்ரீ’ இரண்டு விதமாகப் பதிவாகியிருப்பதும் இதே வகைச் சிக்கல்கள். நகரத்தார் விலாசத்தில் மூன்று நான்கு தலைப்பெழுத்துகள் புள்ளி வைத்து அடுத்தடுத்து வருவதால், புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்று முன்பே முடிவு செய்து பட்டியல் முழுவதும் ஒரே முறையைக் கையாளுங்கள். இல்லையென்றால் ஒரே விலாசத்தைச் சேர்ந்த பங்காளிகள் பட்டியலின் இரண்டு மூலைகளில் போய் நிற்பார்கள். மாற்றி முடித்த பிறகு, வயது முதிர்ந்த ஒருவரை அருகில் அமர்த்தி, வரி ரசீதுப் புத்தகத்தோடு பட்டியலை ஒரு முறை வாசித்துச் சரிபார்த்துவிடுவது மிகவும் நல்லது.

இனி இயங்குதளம். உங்களுக்கு லினக்ஸ் மின்ட் 22ஐப் பரிந்துரைக்கிறேன். அது 2029 வரை புதுப்பிப்புகளைப் பெறும். திரையின் அமைப்பும் விண்டோஸுக்குப் பழகிய கைக்கு அந்நியமாக இராது. மின்டில் பல பதிப்புகள் உண்டு; 4 ஜிபி ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக ஓடும். நிறுவுவதற்கு முன்பு, பென் டிரைவிலிருந்து அதை அப்படியே இயக்கிப் பாருங்கள். அந்த நிலையில் கணினிக்குள் இருக்கும் எதுவும் மாறாது. எச்பி கணினியில் எஃப்9, டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12 விசையைத் தொடக்கத்தில் அழுத்தினால் பெரும்பாலும் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். பிரிண்டரைக் குறிப்பாகச் சொல்கிறேன்: நம் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் எளிதாக இணைவதில்லை. ரசீது அச்சிட முடியாத அலுவலகத்துக்கு எந்த இயங்குதளமும் பயன்படாது.

உங்கள் கணினியில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் ஒன்றை வாங்கிப் பொருத்தி அதில் லினக்ஸை நிறுவச் சொல்லுங்கள். வேகம் கூடுவது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், கழற்றிய பழைய டிஸ்க் விண்டோஸோடும் கோப்புகளோடும் தொடாமல் அப்படியே இருப்பது. லினக்ஸ் ஒத்துவரவில்லை என்றால் அதைத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். அந்த டிஸ்க்கை அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள்; ஆனால் அது ஒன்றையே காப்பு நகலாக நம்ப வேண்டாம்.

எக்செல் கோப்புகள் லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச அலுவலகச் செயலியில் திறக்கும். சாதாரணக் கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்குச் சூத்திரங்கள் மாறாமல் இருக்கும். யாராவது மேக்ரோ (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதிக் கொடுத்திருந்தால் அது ஓடாமல் போகலாம். விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் லினக்ஸில் இல்லை. இடத்துக்கு வேறொன்று வந்து அமர்வதால் ரசீதின் வரிகள் நகரும். விண்டோஸிலேயே நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டுப் போனால் அந்தத் தொல்லை இல்லை. தமிழ் 99, பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகை இரண்டுமே லினக்ஸில் கிடைக்கின்றன. தட்டச்சுப் பயிலகத்தில் ‘ஹையர்’ முடித்த கைக்கும் புதிதாகக் கற்க வேண்டிய சுமை இல்லை.

கேள்வி: வணக்கம். ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். கணக்கு டேலியில், ஜிஎஸ்டி தாக்கல் ஆன்லைனில், பூ வடிவங்கள் எல்லாம் கோரல் டிராவில். லினக்ஸ் இலவசம், வைரஸ் வராது என்று அண்ணன் மகன் சொல்கிறான். மாறலாமா? – ஒரு வாசகி, ஆத்தங்குடி

பதில்: அம்மா, நீங்கள் மாற வேண்டாம். ஜிஎஸ்டி தளம் உலாவியில் இயங்குவது என்பதால் எங்கிருந்தும் திறக்கும். ஆனால் டேலியும் கோரல் டிராவும் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. லினக்ஸுக்குள் அவற்றை ஓட்டும் ஏற்பாடுகள் இருக்கின்றன. தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் அந்த ஏற்பாடு மக்கர் செய்தால், பட்டறையில் அதைச் சரிசெய்ய ஆள் இருக்க மாட்டார். ஒரு தொழில் முழுவதும் ஒரு செயலியைச் சார்ந்து நிற்கும்போது, அந்தச் செயலிதான் இயங்குதளத்தைத் தீர்மானிக்க வேண்டும். வைரஸ் வரவே வராது என்பதும் சரியன்று. லினக்ஸில் ஆபத்து குறைவு, அவ்வளவே. வங்கிக் கடவுச்சொல்லைப் போலித் தளத்தில் கொடுத்துவிட்டால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

எனினும் உங்கள் அண்ணன் மகனின் ஆர்வத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் பூ வடிவங்கள் ஒரே நிறுவனத்தின் கோப்பு வகைக்குள் அடைபட்டிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலைச் செயலி விண்டோஸிலும் ஓடும். கோரல் டிராவிலிருந்து ஒவ்வொரு வடிவத்தையும் எஸ்விஜி, பிடிஎஃப் ஆகிய இரண்டு பொது வகைகளிலும் ஏற்றுமதி செய்து, அவை இன்க்ஸ்கேப்பில் கோடு பிசகாமல் திறக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். தகட்டு அச்சு வெட்டுவதற்கு நீங்கள் கொடுக்கும் வரைபடத்தில் ஒரு வளைவு மாறினால் நான்கு கற்கள் சேரும் இடத்தில் பூ பொருந்தி வராது என்பதை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள்.

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் படிக்கிறேன். விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸையும் சேர்த்து வைக்கலாமா? சீனியர் ஒருவர் அப்படிச் செய்து, விண்டோஸ் திறக்காமல் 48 இலக்கச் சாவி கேட்டு நின்றுவிட்டது. – ஒரு மாணவர்

பதில்: அந்தச் சாவி, விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. புதிய கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிஸ்க் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுவது உண்டு. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. தொடக்க அமைப்பில் மாற்றம் நேர்ந்தால் அது சாவி கேட்கும். சாவி பெரும்பாலும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; வேலையைத் தொடங்குவதற்கு முன் அதை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். சீனியருக்கும் இதைச் சொல்லுங்கள், அவருடைய கோப்புகள் இன்னும் பிழைத்திருக்கக்கூடும்.

உங்களுக்கு வேண்டியது நிரல் எழுதவும் கட்டளைகள் பழகவும் ஒரு லினக்ஸ் என்றால், டபிள்யூஎஸ்எல் என்னும் விண்டோஸ் வசதி வழியாக விண்டோஸுக்குள்ளேயே உபுண்டுவை இயக்கலாம். முதல் ஆண்டுக்கு அதுவே போதும். இயங்குதளத்தையே கற்க விரும்பினால் இரண்டையும் அருகருகே நிறுவுங்கள். விண்டோஸ் பகுதியைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேலாண்மையிலிருந்தே செய்யுங்கள். விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள், இல்லையேல் விண்டோஸ் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம். நிறுவிய பின் விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் அஞ்ச வேண்டாம். வன்பொருள் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று கொள்கிறது; லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகள், தான் பயன்படுத்திய ஆப்பிள் மேக்புக்கை எனக்கு அனுப்புவதாகச் சொல்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா? வாழ்நாள் முழுவதும் விண்டோஸில் இருந்துவிட்டேன். குடும்ப வரலாறு எழுதி வருகிறேன். தமிழ் 99 பழக்கம். – ஓய்வுபெற்ற ஆசிரியர், கானாடுகாத்தான்

பதில்: அனுப்புவதற்கு முன், ‘இந்த மேக்கைப் பற்றி’ என்னும் பகுதியைத் திறந்து சில்லின் பெயரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆப்பிளின் எம்1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள். இன்டெல் என்றால் யோசிக்க வேண்டும்: இன்டெல் மேக்குகளில் ஏறும் கடைசிப் பதிப்பு 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26 என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது, அதுவும் சில மாதிரிகளில் மட்டுமே ஏறும். தமிழ் 99 மேக்கில் உள்ளேயே இருக்கிறது. விசைப்பலகை அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் அதனுடன் வருகிறது.

உங்கள் கோப்புகளைக் கொண்டுவரும் டிஸ்க்கில் மட்டும் கவனம் வேண்டும். விண்டோஸில் பழகிய என்டிஎஃப்எஸ் வகை டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. கோப்புகளை மேக்குக்கு நகலெடுத்து, அவை திறக்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகு, வேறொரு புதிய டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் வகையில் வடிவமைத்து, இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரின் சிங்கப்பூர்ப் பிளக் நம் சுவரில் நேராகப் பொருந்தாது; மின்னழுத்தம் இங்கும் அங்கும் 230 வோல்ட்தான் என்பதால், நல்ல தரமான ஒரு மாற்றுப் பிளக் வாங்கினால் போதும்.