நாலு பேர் டீமில் யார் வடம் இழுக்கிறார்கள்?

பொறியியல் கல்லூரியில் 16 வருடமாகக் கடைசி வருட ப்ராஜெக்ட்களுக்கு கைடாக இருக்கிறேன். டீம் வேலை பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்தவற்றில் பாதி ஒரே புலம்பல்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: கோடிங், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் நானே செய்தேன். மற்ற மூன்று பேரும் வைவா (வாய்மொழித் தேர்வு) அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். நியாயமா மேடம்? (சிஎஸ்இ மாணவர்)

பதில்: நியாயமில்லை தம்பி. ஆனால் அவர்கள் செய்யவில்லையா, நீங்கள் செய்யவிடவில்லையா? கோபப்படாமல் யோசியுங்கள். என்னிடம் ஒரு பையன் இருந்தான், கோடிங்கில் கெட்டி. நண்பன் பகலில் எழுதிய லாகின் பக்கத்தை ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதிவிடுவான், சொல்லாமலே. இரண்டு தடவை பார்த்த நண்பன் மூன்றாம் தடவை எழுதவே இல்லை. செகண்ட் ரிவ்யூவில் இவன் வந்து, "அவன் ஒண்ணுமே பண்ணல மேடம்" என்றான். பொய்யில்லைதான்.

இன்னொன்று. நாம் செய்தது நமக்கு முழுசாக ஞாபகம் இருக்கும். அடுத்தவர் செய்தது பாதிதான் கண்ணில் படும். ராஸ், சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். 1979-இல் வெளியான ஆய்வு அது. இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான ஜோடிகளில் மொத்த வேலையையே தாண்டிவிட்டது. நானும் டீம்களிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் தங்கள் பங்கைச் சதவீதமாக எழுதச் சொல்வேன். கூட்டினால் 100-க்குள் அடங்கிய டீமை இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: தனியாக விட்டால் நன்றாகச் செய்கிற பையன், டீமில் சேர்ந்ததும் ஏன் சோம்பேறி ஆகிறான்?

பதில்: தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள். வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டே நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர்! பிரான்சில் மாக்ஸ் ரிங்கல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைகிறது என்ற அவரது முடிவு 1913-இல் வெளியானது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க முடியாததும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. 1979-இல் அமெரிக்காவில் லட்டானே குழுவினர், கூட்டத்தோடு சேர்ந்து கத்துவதாக ஒருவரை நம்பவைத்தாலே அவர் சத்தம் குறைவதைக் காட்டினார்கள். அவரவர் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும், 1981 ஆய்வில், அந்தச் சுணக்கம் காணாமல் போனது. அதனால் "எல்லாரும் சேர்ந்து பண்ணிடலாம்" என்று விடாதீர்கள். டேட்டாவைச் சுத்தம் செய்வது யார், எந்தக் கிழமைக்குள் என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் கோடைச் சேர்த்து வைக்கிற கிட்ஹப் தளத்தில் யார் எத்தனை கமிட் (பதிவுசெய்த மாற்றம்) என்று எண்ணினால் போதுமா?

பதில்: போதாது. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஒரு கமிட்தான். கைடு கையெழுத்துக்காக மூன்று நாள் வாசலில் நின்றவன் கணக்கு அதில் வராது.

கேள்வி: டீமில் நான் ஒருத்திதான் பெண். "உன் இங்கிலீஷ் நல்லா இருக்கு" என்று எப்போதும் ரிப்போர்ட்டையே என் தலையில் கட்டுகிறார்கள். (இசிஇ மாணவி)

பதில்: எனக்கு எரிச்சல் வருவது இந்த விஷயத்தில்தான். நான் படித்தபோதும் இதே கதை. ரிப்போர்ட் லேசான வேலை இல்லை, ஃபார்மட் பார்த்து மார்ஜின் சரிசெய்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதை மட்டுமே செய்தால், "இந்த சென்சாரை ஏன் எடுத்தீர்கள்?" என்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) கேட்கும்போது பக்கத்துப் பையன் வாயைப் பார்க்க வேண்டிவரும். ப்ராஜெக்டில் ஒரு மாட்யூல் (தனிப் பகுதி) முழுசாக உன் கைக்கு வரட்டும்மா. ரிப்போர்ட்டில் அவரவர் மாட்யூலுக்கான அத்தியாயத்தை அவரவரே எழுதட்டும். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி: ஒருவன் மீட்டிங்குக்கே வருவதில்லை.

பதில்: மீட்டிங் எத்தனை மணிக்கு? ஹாஸ்டலில் ராத்திரி ஒன்பதுக்கு வைத்தால் டே ஸ்காலர் எப்படி வருவான்? காலேஜ் பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக அவனுக்கு வேறு வழி இருக்காது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் 20 நிமிடம் வைத்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அப்புறம் என்னிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ரிவ்யூவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, பாதிகூட முடியவில்லை. வெளியிலிருந்து இரண்டு நண்பர்களைக் கூப்பிடலாமா?

பதில்: வேண்டாம். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய ப்ராஜெக்டை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார். நாலு பேருக்குள் பேசிக்கொள்ள 6 ஜோடி. ஆறு பேரானால் 15. புதிதாக வந்தவர்களுக்கு விளக்கியே பத்து நாளும் போய்விடும். வேலையைக் குறையுங்கள். மொபைல் ஆப்பை விட்டுவிட்டு, ஒழுங்காக ஓடுகிற ஒரு வெப் பக்கத்தோடு வாருங்கள்.

கேள்வி: "குழுப்பணியில் நான் கற்றது" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். சண்டை போட்டதை எழுதலாமா?

பதில்: தாராளமாக. ஒற்றுமையே பலம் என்று ஆரம்பிக்கிற பக்கங்களைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. பெயர் சொல்லித் திட்டாமல், நீங்கள் செய்ததையும் விட்டதையும் தேதியோடு எழுதுங்கள். போன வருடம் ஒரு மாணவி, டெஸ்டிங்குக்கு நாலு நாள் போதும் என்று தான் ஒப்புக்கொண்டதையும், பதினொரு நாள் இழுத்ததையும், ஐந்தாம் நாளே சொல்ல வெட்கப்பட்டு மற்ற மூன்று பேரையும் காக்க வைத்ததையும் எழுதியிருந்தாள். முழு மார்க் போட்டேன்.