கிட்டில் (Git) ஸ்குவாஷ் மெர்ஜ் செய்தும் அதே கான்ஃப்ளிக்ட் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: ராயபுரம், தண்டையார்பேட்டை என்று ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு நாலு பேர் காசிமேடு மீன் விலைச் செயலி எழுதுகிறோம். கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஆளுக்கொரு பிராஞ்ச் (தனிக் கிளை), வாராவாரம் மெயினில் (பொதுக் கிளையில்) ஸ்குவாஷ் மெர்ஜ். ஒரே இடத்தில் இரு மாற்றங்கள் மோதும் கான்ஃப்ளிக்ட், தீர்த்ததே மறுபடி வருகிறது. எளிய முறை என்ன?

பதில்: வில்லங்கமே அந்த 'ஆளுக்கொரு பிராஞ்ச்'தான். ஸ்குவாஷ் செய்தால் உங்கள் பத்து கமிட்டும் (பதிந்துவைத்த மாற்றங்கள்) கரைந்து, மெயினில் புதிதாக ஒரே கமிட் விழும். பழைய பத்துக்கும் அதற்கும் உள்ள உறவு கிட்டுக்குத் தெரியாது. அதே பிராஞ்சில் வேலையைத் தொடர்ந்தால், அடுத்த வாரமும் முதலில் பிரிந்த இடத்திலிருந்தே ஒப்பிடும். வஞ்சிரம் விலை வரியை நீங்கள் மாற்றி மெர்ஜ் ஆகிவிட்டது. பிறகு இன்னொருவர் மெயினில் அதே வரியைத் திருத்தினார் என்று வையுங்கள். நீங்கள் அதை மறுபடி தொடாவிட்டாலும், இரு பக்கமும் மாறியதாகத்தான் கிட் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே ஆளுக்கு வேண்டாம், வேலைக்கு ஒரு பிராஞ்ச். மெயினிலிருந்து புதிதாகப் பிரியுங்கள், இரண்டு நாளில் முடியும் அளவுக்கு வேலையை நறுக்குங்கள். முடிந்ததும் 'கிட் ஃபெட்ச் ஆரிஜின் மெயின்', பிறகு 'கிட் ரீபேஸ் ஆரிஜின்/மெயின்'. முதலாவது சர்வரிலுள்ள மெயினை இறக்கும், இரண்டாவது உங்கள் கமிட்டுகளை அதன் மேல் மறுபடி அடுக்கும். இங்கே பலரும் சறுக்குவார்கள்: ரீபேஸில் கான்ஃப்ளிக்ட் வந்தால், 'அவர்ஸ்' (நம்முடையது) என்பது மெயின், 'தெயர்ஸ்' (அவர்களுடையது) என்பதுதான் உங்கள் கமிட். பெயரை நம்பி அழுத்தினால் சொந்த வேலையே போய்விடும்.

டெஸ்ட் ஓட்டிவிட்டு 'ஃபோர்ஸ் வித் லீஸ்' போட்டு புஷ் செய்யுங்கள் (சர்வருக்கு அனுப்புங்கள்). சர்வரிலுள்ள உங்கள் பிராஞ்ச் நீங்கள் கடைசியாகப் பார்த்தபடியே இருந்தால்தான் இது மேலெழுதும். வெறும் ஃபோர்ஸ் வேண்டாம். அந்த பிராஞ்சில் வேறு யாராவது கமிட் போட்டிருந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடும். மெயினை மட்டும் ஃபெட்ச் செய்யச் சொன்னதும் இதற்காகத்தான். எல்லா பிராஞ்சையும் இழுத்துவிட்டால், அந்த வேறொருவரின் கமிட்டையும் நீங்கள் பார்த்துவிட்டதாக நினைத்து லீஸ் ஏமாந்துபோகும்.

மெயினில் நேரடி புஷ்ஷைப் பூட்டிவிடுங்கள். ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்தால் போதும், நாலு பேர் குழுவுக்கு இரண்டு ஒப்புதல் அதிகம். பீச் பக்கமிருந்தும் பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்தும் வரும் ரயில்கள் கொருக்குப்பேட்டையில் சிக்னல் பார்த்து நுழைவது மாதிரி, ஒரு மெர்ஜ் முடிந்து, அடுத்தவர் ரீபேஸ் செய்து டெஸ்ட் ஓட்டிய பிறகே அடுத்தது. ஏனென்றால், ஒருவர் ஃபங்ஷன் பெயரை மாற்றியிருப்பார், இன்னொருவர் பழைய பெயரை வேறொரு ஃபைலில் புதிதாகக் கூப்பிட்டிருப்பார். கான்ஃப்ளிக்ட் வராது, செயலி மட்டும் உடையும்.

மெர்ஜ் ஆனதும் பிராஞ்சை சர்வரிலும் உங்கள் கணினியிலும் அழியுங்கள். ஸ்குவாஷ் என்பதால் 'கிட் பிராஞ்ச்' கட்டளையில் அழிக்கும் சின்ன 'டி' (-d), இன்னும் மெர்ஜ் ஆகவில்லை என்று முரண்டு பிடிக்கலாம். மெயினில் வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு பெரிய 'டி' (-D) போடுங்கள். இப்போதுள்ள நாலு பிராஞ்சுகளையும் ஒவ்வொன்றாக, கடைசி முறையாக மெர்ஜ் செய்து, இதேபோல் அழித்துவிடுங்கள்.