ஹேமகூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் தோழியும் நான்கு ஆண்டுகளாகப் பழகி வருகிறோம். இரு வீட்டாருக்கும் விஷயம் தெரியும், மறுப்பு இல்லை. ஆனாலும் ‘என்னைத் திருமணம் செய்துகொள்வாயா’ என்று நான் அவளிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. வரும் ஜனவரியில் ஹம்பிக்கு அழைத்துச் சென்று, பழைய கோயில்களின் நடுவே மோதிரம் கொடுத்துக் கேட்க விரும்புகிறேன். அவளுக்குத் தெரியாமல் அந்தத் தருணத்தைப் படமெடுக்க ஒரு புகைப்படக் கலைஞரிடமும் பேசியிருக்கிறேன். விட்டலர் கோயிலின் கல் தேருக்கு முன்னால் மெழுகுவர்த்திகளும் ரோஜா இதழ்களும் பரப்பி, ட்ரோன் கொண்டும் எடுக்கலாம் என்கிறார் அவர். இது நடக்கக்கூடியதா?
— வாசகர், ஈரோடு

பதில்: ஊரை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஊரிலேயே உங்கள் கேள்விக்கென்று அமைந்ததுபோன்ற வேறோர் இடம் இருக்கிறது.

ஹம்பி என்ற பெயர் பம்பை என்பதிலிருந்து வந்தது. சிவனை மணக்க விரும்பிய பம்பாதேவி ஹேமகூடக் குன்றில் தவமிருந்தாள் என்றும், சிவனின் தவத்தைக் கலைக்க வந்த மன்மதன் அங்கேதான் எரிந்து சாம்பலானான் என்றும், இறுதியில் சிவன் மணத்துக்கு இசைந்தபோது அந்தக் குன்றின்மேல் பொன்மாரி பொழிந்தது என்றும் தலபுராணம் சொல்கிறது. ஹேமகூடம் என்றால் பொற்சிகரம். குன்றின் அடியில் இருக்கும் விரூபாட்சர் கோயிலில் இன்றும் ஆண்டுதோறும் இருவருக்கும் பலபூஜை என்ற பெயரில் நிச்சயதார்த்தமும், பின்னர் திருக்கல்யாணமும் நடக்கின்றன. அந்தக் கதையில் முதலில் மனத்தைத் திறந்தவள் பெண் என்பதை உங்கள் தோழிக்குச் சொல்லுங்கள், அவர் ரசிப்பார்.

கல் தேர் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருடனுக்காகத் தேர் வடிவில் எழுப்பப்பட்ட அந்தச் சன்னிதி ஐம்பது ரூபாய் நோட்டில் அச்சானதால், ஹம்பிக்கு வரும் அநேகமாக எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் தொடாதபடி சுற்றிலும் தடுப்பும் போட்டிருக்கிறார்கள். ஜனவரி மாதத்து விடுமுறை நாளொன்றில் அங்கே நீங்கள் மண்டியிட்டால், ஐம்பது அந்நியர்களின் கைப்பேசிகளுக்கு முன்னால் அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டிவரும். அது அவருக்குச் செய்யும் நியாயமன்று.

மெழுகுவர்த்தியைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹேமகூடத்தின் சிறு மண்டபமொன்றில், யாரோ இதய வடிவில் ஏற்றிவைத்துவிட்டுப் போன மெழுகுவர்த்திகளின் மிச்சத்தை ஒரு காவலர் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மேலே இருந்த மெழுகு பெயர்ந்து வந்துவிட்டது. கல்லின் நுண்துளைகளில் இறங்கியது வரவில்லை; அதில் செம்மண் ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. ‘வெயிலில் இது இன்னும் உள்ளே இறங்கும்’ என்றார் அவர். வண்ணப் புகைக் குப்பிகளும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். ரோஜா இதழ்கள் மிதிபட்டால் கல்லில் சாயம் பிடிக்கும் என்பதால், பூ வேண்டுமானால் கையில் ஒரு கொத்து போதும்.

ட்ரோன் பற்றிய எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். உரிய அனுமதிகள் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின்மேல் அதைப் பறக்கவிட முடியாது. கையில் பிடித்து எடுக்கும் கேமராவுக்குப் பொதுவாகத் தடையில்லை. முக்காலி, விளக்கு, ரிஃப்ளெக்டர், அலங்கார உடைகள் என்று படப்பிடிப்பின் சாயல் வந்துவிட்டாலோ இந்தியத் தொல்லியல் துறையின் முன்னனுமதி கேட்பார்கள். அந்தத் துறைக்கு ஹம்பிக்கென்றே தனி வட்ட (Circle) அலுவலகம் இருப்பதால், நாள், இடம், ஆட்களின் எண்ணிக்கை, கருவிகள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. ‘காவலரிடம் பேசிக்கொள்ளலாம்’ என்று உங்கள் கலைஞர் சொன்னால், வேறு கலைஞரைப் பாருங்கள்.

எனவே என் யோசனை இதுதான்: ஹேமகூடம், விடியற்காலை, கையில் ஒரே கேமரா. மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க அந்தக் குன்றில் கூட்டம் கூடும். காலையில் அவ்வளவு இராது. விரூபாட்சர் கோயிலின் ராஜகோபுரம் கிழக்கு நோக்கியது. குன்று அதற்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே முதல் வெயில் கோபுரத்தின் முகப்பில் படும் வேளையில், உங்கள் இருவருக்கும் பின்னணியாக அதுவே ஒளிர்ந்து நிற்கும். கலைஞர் தொலைவிலுள்ள ஒரு மண்டபத்தின் நிழலில், நீண்ட குவியத் தூரம் கொண்ட லென்ஸுடன் சுற்றுலாப் பயணியைப் போலவே இருக்கட்டும். முந்தின நாள் அதே நேரத்தில் நீங்களும் அவரும் மட்டும் போய், எந்தப் பாறையில் நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது, என்ன சைகை காட்டுவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகு கேமராவுக்கு நேராக இருந்துவிட்டால் உங்கள் தோழியின் முகம் மறைந்துபோகும். இதுவரை நான் பார்த்த இத்தகைய படங்களில் பாதி இப்படித்தான் வீணாயின.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள், நேரடியாக இல்லாவிட்டாலும் பேச்சுவாக்கிலாவது: தம் வாழ்வின் இத்தகைய தருணத்தைப் பிறர் படமெடுப்பதில் உங்கள் தோழிக்கு விருப்பம் உண்டா? கூச்சம் மிக்கவர் என்றால், முதலில் தனியாகக் கேளுங்கள்; அவர் சரி என்ற பிறகு கலைஞரைக் கூப்பிடுங்கள். இருவரும் சம்மதிக்காமல் ஒரு படத்தையும் எங்கும் வெளியிடக் கூடாது என்பதைக் கலைஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன்பின் இருவருமாகக் கீழே இறங்கி விரூபாட்சரைக் கும்பிட்டுவிட்டு, ரங்க மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். சிவன்மேல் கரும்பு வில்லை வளைக்கும் மன்மதனும், பம்பை – விரூபாட்சர் திருமணமும் அங்கே ஓவியங்களாக இருக்கின்றன. கருவறைக்குப் பின்புறமுள்ள இருட்டறையின் சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுவதையும் கலைஞருக்குக் காட்டுங்கள். சிறு துளை வழியே ஒளி புகுந்து பிம்பம் கவிழும் அந்த முறைதான் அவருடைய கேமராவுக்கும் மூலம்.

கேள்வி: எங்களுக்கு நிச்சயமாகிவிட்டது. ஹம்பியில் படம் எடுக்கப் போகிறோம். இடிந்த மண்டபங்களின் தூண்களில் சாய்ந்தும், மேலே ஏறி உட்கார்ந்தும், செருப்புடனும் எடுப்பதில் தவறில்லை, அங்கே பூஜை இல்லையே என்கிறார் என் வருங்காலக் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் அதிகமாக யோசிக்கிறேனா?
— வாசகி, சேலம்

பதில்: இல்லை, உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது.

முதலில் தூண்களைப் பற்றி. 1565-ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரம் (இன்றைய ஹம்பி) சூறையாடப்பட்டபோது கூரைகளை இழந்த மண்டபங்கள் அங்கே ஏராளம். அந்தத் தூண்கள் பெரும்பாலும் சாந்து வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை இருத்தி, மேலே உத்திரமும் பலகைக் கற்களும் ஏற்றி, அந்தப் பாரத்தாலேயே நிலைத்திருக்கும்படி அமைத்தவை. மேற்பாரம் போய்விட்ட தூண் பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடக்கூடும். 2019-இல் அப்படித்தான் ஹம்பியில் சில இளைஞர்கள் ஒரு தூணைத் தள்ளி வீழ்த்தும் காணொளி நாடெங்கும் பரவியது. நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் 70,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, விழுந்த தூண்களை அவர்களைக் கொண்டே நிறுத்தவும் வைத்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, இத்தகைய சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தூண் விழுந்தால் அடியில் இருப்பவர் நீங்கள்.

பூஜை இல்லாத இடம் என்பதும் முழு உண்மையன்று. அச்சுதராயர் கோயிலில் மூலவர் இல்லை, வழிபாடும் இல்லை. ஆனாலும், அந்தப் பக்கமாக ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி, தலையிலிருந்த மல்லிகையில் ஒரு துண்டைக் கிள்ளி, மூக்குடைந்த துவாரபாலகரின் பாதத்தில் வைத்துவிட்டுப் போனதை நான் கண்டிருக்கிறேன். தண்ணீர் நடுவே நிற்கும் படவி லிங்கத்துக்கும் கூரை இல்லை, வழிபாடு உண்டு. ஆகவே சன்னிதிக்குள் செருப்பு வேண்டாம், சிற்பத்தின்மேல் ஏற வேண்டாம். திறந்த வெளியில், பாறைகளில், பழைய கடைத்தெருவின் ஓரத்தில் நீங்கள் விரும்பியபடி அமர்ந்து சிரித்துப் பேசலாம்; தோள்மேல் கை போடுவதை யாரும் குற்றமாக நினைக்க மாட்டார்கள். உங்கள் தயக்கத்தை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். புறப்படுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டியது இது.

கேள்வி: மழைக்காலத்தில் பச்சை அழகாக இருக்கும் என்கிறார்களே, ஆகஸ்ட்டில் போகலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பச்சை உண்மைதான்; பாறைகள் வழுக்குவதும் உண்மை. துங்கபத்திரையில் நீர் பெருகினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், ஆற்றங்கரை மண்டபங்களில் சில மூழ்கவும் செய்யும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஹம்பி உற்சவ நாள்களை மட்டும் விட்டுவிடுங்கள். ஹொசப்பேட்டை வரை ரயிலில் போனால் அங்கிருந்து 13 கிலோமீட்டர்தான். எந்த மாதமானாலும் இருட்டியபின் தனிமையான இடங்களில் இருவராக நிற்க வேண்டாம். விடியலில் ஏறுவதானால் ஆளுக்கொரு டார்ச் விளக்கும், ஊரறிந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் துணையும் இருக்கட்டும்.